பழுத்த கண்

"ஏனுங்க சிஸ்டர், பழுத்துருச்சுங்க!"

தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மனைவி செல்லியின் தோளைப் பிடித்தபடி எங்கள் விஷன் சென்டர் வாசலில் வந்து நின்று பொன்னன் இப்படித்தான் சொன்னார். வலியில் முகம் கோணியிருந்தது. வரும் வழியில் இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தார். ஆனாலும் குரலில் ஒரு பெருமை, பரீட்சையில் பாஸாகிவிட்ட செய்தியைச் சொல்ல வந்தவர் மாதிரி. இடது கண் காப்பிப் பழ நிறத்துக்குச் சிவந்து கிடந்தது.

'பழுத்துருச்சு' என்ற அந்த வார்த்தை அவருக்கு எங்கிருந்து கிடைத்தது என்று எனக்குத் தெரியும். என் வாயிலிருந்துதான்.

நான் கண் ஆஸ்பத்திரி உதவியாளராக முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கடைசிச் சில வருடங்கள் ஏற்காட்டில். சேலத்து ஆஸ்பத்திரிக்கு மலை மேல் ஒரு சின்னக் கிளை: இரண்டு அறை, கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஒரு ஸ்லிட் லேம்ப், ஒரு கம்ப்யூட்டர், நான். நான் பரிசோதித்துப் படம் அனுப்ப வேண்டும். கீழே இருக்கும் டாக்டர் மேடம் வீடியோவில் பார்த்து முடிவு சொல்வார். அந்த முடிவை நோயாளிக்குப் புரியும்படி எடுத்துச் சொல்வதும் என் வேலை. அதில் நான் கெட்டிக்காரி என்று ஊரே சொன்னது. உள்ளதைச் சொன்னால், நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன், யாரும் மறுக்கவில்லை. ஆண்டு விழாவில் அதற்காக ஒரு சுவர்க் கடிகாரம்கூடக் கொடுத்தார்கள்.

1. பரிசு வாங்கிய வாய்

பொன்னனுக்குத் தலைச்சோலையில் கொஞ்சம் காப்பித் தோட்டம். சீசனில் பக்கத்து எஸ்டேட்டிலும் பழம் பறிக்கப் போவார். சின்ன வயதில் மிளகுக் கொடி ஏற்றும்போது கிளை அடித்து வலது கண் போய்விட்டது. மிச்சம் இருந்தது இடது கண் ஒன்றுதான். மூன்று காப்பி சீசனுக்கு முன்னால் அந்தக் கண்ணில் லேசாகப் புரை இருப்பதைப் பார்த்துப் படம் அனுப்பினேன்.

மேடம் வீடியோவில் சொன்னது இவ்வளவுதான்: "இருக்கறது ஒரே கண்ணு. பார்வை இப்போ நல்லாத்தான் இருக்கு, அவசரப்பட வேண்டாம். ஆனா ஆறு மாசத்துல கண்டிப்பா ரிவ்யூவுக்கு வரணும்."

இதை அப்படியே திருப்பிச் சொல்லியிருந்தால் வேலை முடிந்தது. சுவர்க் கடிகாரம் வாங்கியவள் அப்படிச் சொல்லலாமா?

"புரை இருக்குதுங்கண்ணா. ஆனா இன்னும் பழுக்கலீங்க. காயா இருக்கையில பறிக்கக் கூடாது பாருங்க. பழுத்ததும் வாங்க" என்றேன்.

பொன்னன் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படிச் சொல்லுங்க! இது எனக்குத் தெரியாதுங்களா? பச்சைக் காயைப் பறிச்சுட்டுப் போனா எஸ்டேட் ரைட்டரு கூடையையே கவுத்துப் போடுவாருங்க. நல்லாச் செவக்கட்டும், வர்றேன்."

ஆறு மாதம் என்பதைக் கேஸ் ஷீட்டில் எழுதினேன். வாயால் சொன்னேனா என்றால், இல்லை. உவமை அவ்வளவு நன்றாக அமைந்துவிட்டதில் மற்றது மறந்துபோயிற்று.

இப்போது இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். புரை முற்றட்டும் என்று காத்திருந்தது அந்தக் காலத்து ஆபரேஷனுக்கு. இப்போதைய ஆபரேஷனுக்கு அது தேவையில்லை. முற்ற விட்டால்தான் வம்பு. இது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் சொன்னேன், கேட்க நன்றாக இருந்தது என்பதற்காக.

அடுத்த வருடக் கடைசியில் பஸ் ஸ்டாண்டில் பொன்னனும் செல்லியும் நின்றிருந்தார்கள்.

"கண்ணு எப்படிங்கண்ணா இருக்குது?" என்றேன்.

"ஆரு, சிஸ்டருங்களா? இன்னும் பழுக்கலீங்க. பாலாட்டம் வெள்ளையாத்தான் இருக்குதாம்."

நான் சிரித்தேன். நல்ல தமாஷ் என்று நினைத்தேன். அதற்குள் கொட்டச்சேடு பஸ் வந்துவிட்டது, முகாமுக்கு நேரமாயிற்று என்று ஓடி ஏறிவிட்டேன். கண் பாலாக வெளுத்திருக்கிறது என்று ஒருவர் சொன்னால், நேற்று சேர்ந்த டிரெய்னிகூடக் கையைப் பிடித்து இழுத்து வந்திருப்பாள். குரலை வைத்துத்தான் அவர் என்னைத் தெரிந்துகொண்டார் என்பதும் அப்போது உறைக்கவில்லை.

2. பேட்டரி

வலியோடு வந்து நின்ற அன்றைக்குத்தான் முழுக்கதையும் தெரிந்தது. செல்லி சொன்னாள்: "தெனமும் காத்தால நான்தானுங்க கண்ணைப் பாத்துச் சொல்லுவேன். வெள்ளையாவே இருந்துச்சுங்க. பழமுன்னா செவக்கோணுமல்லோங்க? முந்தாநாத்துதான் செவந்துச்சு. இவரு கண்ணுல ஒரே தண்ணி. வலியிலயா சந்தோசத்துலயான்னு எனக்குத் தெரியலீங்க."

அளவு மீறி முற்றிய புரை உள்ளுக்குள்ளேயே கசிந்து, கண்ணுக்குள் பிரஷர் ஏறியிருந்தது. இந்தப் பிரஷர் கண் நரம்பை நசுக்கும். நரம்பு செத்துவிட்டால் புரையை எடுத்தும் பிரயோஜனமில்லை. நரம்பில் உயிர் இருக்கிறதா என்று பார்க்க டார்ச் போதும். நான்கு பக்கமிருந்தும் வெளிச்சம் அடித்து, எந்தப் பக்கம் என்று கேட்க வேண்டும்.

வலது கண்ணை மூடச் சொல்லிவிட்டு மேலிருந்து அடித்தேன்.

"மேலுங்க."

கீழிருந்து.

"கீழுங்க."

இடப்பக்கம்.

"சோத்தாங்கைக்கு எதிர்ப் பக்கமுங்க."

வலப்பக்கம், மூக்கு ஓரமாக அடித்தேன். டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனேன்.

"அடிச்சீங்களா சிஸ்டர்?"

"அடிச்சுட்டுத்தானுங்கண்ணா இருக்கேன்."

"அப்படீன்னா பேட்டரி தீந்துருக்கும், பாருங்க."

காலையில்தான் புது பேட்டரி போட்டிருந்தேன். ஒரு பக்கம் போய்விட்டது, மூன்று பக்கம் மிச்சமிருக்கிறது. தாமதித்தால் அதுவும் போகும். மேடத்துக்குப் போன் போட்டு, அவர் சொன்னபடி மாத்திரையும் டிராப்ஸும் கொடுத்து, ஒரு ஜீப்பைப் பிடித்து நானும் கூடவே ஏறிக்கொண்டேன். இருபது கொண்டை ஊசி வளைவையும் செல்லி மடியில் தலை வைத்தபடியே பொன்னன் கடந்தார். ஒவ்வொரு வளைவிலும் "பழுத்துத்தானுங்களே இருக்குது? பறிச்சரலாமல்லோங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். நான் "பறிச்சரலாமுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

3. தாமதத்துக்குக் காரணம்

மேடத்துக்குக் கண்ணைப் பார்த்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இவ்வளவு நாளா என்ன பண்ணிட்டிருந்தீங்க? பழுக்கட்டும்னு எந்த நாட்டு வைத்தியன் சொன்னான்?"

அந்த நாட்டு வைத்தியன் டிரிப்ஸ் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

பொன்னன் என் பக்கமாக முகத்தைத் திருப்பினார். பிறகு, "எங்க மலையில எல்லாரும் சொல்றதுதானுங்க மேடம்" என்றார்.

"பாத்தீங்களா ஸ்டெல்லா? இவங்களுக்கு எவ்வளவு சொன்னாலும் ஏறாது. நீங்கதான் பக்குவமா எடுத்துச் சொல்றவங்க, நீங்க சொல்லுங்க."

"சரிங்க மேடம்" என்றேன். இதைவிடக் கேவலமாக நான் எந்த நாளும் 'சரி' சொன்னதில்லை.

தாமதமாக வரும் கேஸுக்கு எங்களிடம் ஒரு தனிப் படிவம் உண்டு. 'தாமதத்துக்குக் காரணம்' என்று ஒரு கட்டம். பயம், துணைக்கு ஆள் இல்லை, தூரம், அறியாமை. இதில் ஒன்றை டிக் அடிக்க வேண்டும். படிவத்தை நிரப்புவது நான். அறியாமை என்பதில் டிக் அடித்தேன். பொய் எழுதவில்லை என்று மனதுக்குள் சமாதானம் வேறு சொல்லிக்கொண்டேன்.

பிரஷரை இறக்கி மறுநாள் ஆபரேஷன் செய்தார்கள். அதற்கு மறுநாள் கட்டுப் பிரித்தபோது நான் எதிரில் நின்றேன். பொன்னன் கண்ணைச் சிமிட்டினார். செல்லியைப் பார்த்தார், அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க சிஸ்டர், உங்களுக்குத் தலை நொம்ப நரைச்சுப் போச்சுங்களே!"

மருந்து எடுத்து வருகிறேன் என்று அடுத்த அறைக்குப் போய் அழுதேன். நேராக இருப்பது தெரிந்துவிட்டது. வலப்பக்கத்துப் பார்வை திரும்பவில்லை, இனி திரும்பவும் செய்யாது.

4. ரெண்டு கண்ணு

ஒரு மாதம் கழித்து ரிவ்யூவுக்கு வந்தார். அதற்குள் மலையில் பெரிய பிரசங்கியாகிவிட்டிருந்தார். முந்தின வாரம்தான் கிளியூரிலிருந்து இரண்டு பேர் வந்து, நல்ல கண்ணை வைத்துக்கொண்டு, "பச்சையிலயே பறிச்சுருங்கன்னு பொன்னன் சொன்னாருங்க" என்று ஆபரேஷன் கேட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களை அனுப்பி வைக்க எனக்கு ஒரு காலைப்பொழுது ஆயிற்று. உவமையே சொல்லாமல் பேசிப் பழக்கமில்லை.

டிராப்ஸ் போட்டுவிட்டு, துணிச்சலை வரவழைத்துக்கொண்டு சொன்னேன். "அண்ணா, அன்னிக்குப் பழுக்கட்டும்னு சொன்னது நான்தானுங்க. தப்பு என்னோடதுங்க."

"தெரியுமுங்க."

"பின்ன ஏனுங்க மேடத்துகிட்ட சொல்லலை?"

"சொன்னா உங்களைத் தூக்கிருவாங்க. மலைக்கு வேற ஆரு வருவாங்க?" மூடிய கண்ணோடே சொன்னார்: "பழுக்கட்டும்னு சொன்னதுல எனக்கு வருத்தமில்லீங்க சிஸ்டர், வாய்த் தவறு. அன்னிக்கு பஸ் ஸ்டாண்டுல என் மூஞ்சியப் பாத்துத்தானுங்களே சிரிச்சீங்க? எனக்கு இருந்தது ஒத்தக் கண்ணு, அதுவும் தெரியாத கண்ணு. உங்களுக்குத்தான் ரெண்டு இருந்துச்சுங்களே."

கோபமாகச் சொல்லவில்லை.

அவர் போனதும் அவருடைய படிவத்தின் பிரதியை எடுத்தேன். 'அறியாமை' என்ற வார்த்தைக்கு முன்னால் கொஞ்சம் இடம் இருந்தது. 'பணியாளரின்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கீழே அனுப்பினேன். மேடம் கூப்பிட்டு அரைமணி நேரம் திட்டினார். வேலையை விட்டு எடுக்கவில்லை. மலைக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை என்பது பொன்னனுக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாமல் போயிற்று.

அதன் பிறகு நான் யாருக்கும் பழம், காய், பூ, பிஞ்சு எதையும் சொன்னதில்லை. சீட்டில் தேதியைப் பெரிதாக எழுதி, அதை அவர்கள் வாயாலேயே ஒரு முறை சொல்ல வைத்துவிட்டுத்தான் அனுப்புவேன். பிள்ளைகளே, நீங்களும் தேதியைச் சொல்லுங்கள். வழியில் யாரையாவது பார்த்துக் கண் எப்படி என்று கேட்டீர்களானால், பஸ் போனால் போகிறது, நின்று அந்தக் கண்ணைப் பாருங்கள்.