மாதையன் வீசிய கட்டு

காலை ஏழரை மணிக்கு மொரப்பூரில் இறங்கினேன். சென்னையிலிருந்து மூன்றாம் வகுப்பில், பிறர் முழங்கால்களுக்கு நடுவே வந்தேன். மடியில் ஒரு பாஸ்கெட்பால். யுத்தகாலத்தில் ரப்பருக்கு எங்கே போவது? தோல் பந்துக்குள் இருந்த பிளாடர் மிகப் பழையது. ஆனாலும் மாதையன் கையில் கொடுக்கும்போது கிண்ணென்று இருக்க வேண்டுமே என்று காற்றை முட்ட முட்ட அடைத்திருந்தேன்.

மாதையனின் ஆட்டத்தைச் சென்னையில் மைதானத்து வேலி ஓரமாக நின்று ஏழு வருஷம் பார்த்தவன் நான். அவர் கூடையில் போட்டதைவிடக் கொடுத்ததுதான் அழகு. ஒரு பக்கம் குனிந்தபடி, யாரையும் பாராமல், மறுபக்கம் தள்ளிவிடுவார். பந்து போய்ச் சேரும் இடத்தில் அவருடைய ஆள் நிற்பான். கொடுக்குமுன் தொண்டைக்குள் 'ஓய்' என்று ஓர் உறுமல். கோபக்காரர் என்று நினைத்துக்கொள்வேன். நான் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு; என்னை எந்த அணியில் சேர்ப்பார்கள்? இருந்தாலும் அந்தக் கையிலிருந்து ஒரே ஒரு பந்தை வாங்கிவிட வேண்டும் என்று ஏங்கினேன். தம் தகப்பனார் இறந்ததும் நிலத்தைப் பார்க்க அவர் ஊருக்குப் போய்விட்டார். நான்கு வருஷமாகியும் என் ஏக்கம் மட்டும் ஊருக்குப் போகவில்லை.

கடத்தூர்ப் பக்கம் போக ஆறணாவுக்கு மாட்டுவண்டி பேசினேன். மாதையன் பெரிய ஆட்டக்காரர் என்றதும் வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"பந்தெல்லாம் எங்களுக்குத் தெரியாதுங்க. ஆனா சோளத்தட்டுப் போர் போடறதுல அவரை மிஞ்ச ஆளில்லைங்க."

பத்து மணி வெயிலில் பிளாடர் வெடித்தது. மாடுகள் மிரண்டு வண்டியைக் கொள்ளுக்காட்டுக்குள் இழுத்துப் போயின. வண்டிக்காரர் இறங்கி, மாடுகளைத் தட்டிக்கொடுத்துப் பாதைக்குத் திருப்பினார். எனக்கு அழுகை வந்தது.

பதினொரு மணிக்கு மாதையனின் களத்தில் போய் நின்றேன். சோளத்தட்டைக் கட்டுக் கட்டாக அடுக்கிப் போர் போட்டுக்கொண்டிருந்தார்கள். மாதையன் தலையில் துண்டோடு இன்னும் நெட்டையாகத் தெரிந்தார். நான் வந்த காரியத்தைச் சொல்லித் தொய்ந்த பந்தை நீட்டினேன். அதை இரண்டு கையாலும் வாங்கி, தையலை விரலால் தடவினார்.

"காத்து இல்லாததே நல்லதுங்க. ஒருக்கா தட்டிட்டா கை மறுபடி கேக்குமுங்க."

பந்தைத் துண்டில் சுற்றி நிழலில் வைத்தார். போர்மேல் நிற்க ஒரு கை குறைகிறது, ஏறுகிறீர்களா என்று கேட்டார். ஏறினேன்.

கீழே அவர் குனிந்து ஒரு கட்டை எடுத்தார். அடுத்த கட்டுக்குக் கண் போய்விட்டது. "ஓய்" என்றார். முதல் கட்டு என் மார்பில் மோதி, என்னையும் உருட்டிவிட்டது. களமே சிரித்தது. வீசுபவன் மேலே பார்ப்பதில்லை, பார்த்தால் வேலை ஓடாது, மேலே இருப்பவன்தான் குரலுக்குக் கையை நீட்ட வேண்டும் என்று பக்கத்தில் நின்ற பெண் சொல்லிக்கொடுத்தாள். ஏழு வருஷம் கோபம் என்று நான் நினைத்த உறுமல் இதுதான். அடுத்த 'ஓய்' கேட்டதும் கையை நீட்டினேன். கட்டு வந்து கைக்குள் உட்கார்ந்தது. அடுத்ததும் அப்படியே. பொழுது சாயும்வரை வாங்கினேன். முழங்கை வரை தட்டின் காய்ந்த சோகை இலை கீறிவிட்டது. என் ஆயுளில் அத்தனை சந்தோஷமான நாள் வேறில்லை.

மறுநாள் மொரப்பூரில் ரயிலேறினேன். பந்தை அவர் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

சென்னையில் நான் தினமும் ஏறும் டிராம் அந்த மைதானத்தைத் தாண்டித்தான் போகிறது. கூடை வளையங்கள் துருப்பிடித்துத் தொங்குகின்றன. தெருவில் யாராவது யாரையாவது 'ஓய்' என்று கூப்பிட்டால், மடியிலிருக்கும் சாப்பாட்டுத் தூக்கையும் மறந்து, என் இரண்டு கைகளும் தாமாக நீள்கின்றன.