மிளகாய்க் கிடங்கில் ட்ரோன் பள்ளி

1. சாவி

திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது சாவியைத் தர மாட்டேன் என்றேன். கொச்சியில் இருபது வருஷமாக இன்டீரியர் வேலை செய்கிறேன். ஒரு கஸ்டமரிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மட்டாஞ்சேரியில் பழைய வத்தல் மிளகாய்க் கிடங்கின் மாடி அது. அனீஸ் அதை வாடகைக்கு எடுத்து ட்ரோன் பயிற்சிப் பள்ளி ஆக்கினார். கண்ணாடி பார்ட்டிஷன், பேட்டரி சார்ஜ் போடத் தனி அறை, பறக்கவிடும் கூடத்தைச் சுற்றி நைலான் வலை, எல்லாம் முடிந்திருந்தது. தகராறு பலகைத் தரையில்தான். இடுக்கெல்லாம் பல வருஷத்து மிளகாய்த் தூள். வாக்வம் போட்டு இழுத்து, இடுக்கை அடைத்து, மேலே கிளியர் கோட் வார்னிஷ் அடிக்கணும் என்று முதல் நாளே சொன்னேன். பழைய மரத்தின் அழகு போய்விடும், பெருக்கினால் போதும் என்றார் அவர். நானும் தலையாட்டித் தொலைத்தேன்.

பிறகு சுவர் பெயிண்ட் காய்வதற்காக டேபிள் ஃபேனைத் தரையில் வைத்தோம். இடுக்கிலிருந்த தூள் அப்படியே கிளம்பியது. பெயிண்டர் முருகேசன் கண்ணைப் பொத்திக்கொண்டு படியிறங்கி ஓடினார். மறுநாள் வேலைக்கு வரவில்லை. அன்றுதான் சாவியை என் பையில் போட்டேன்.

2. ஒரு நிமிஷம்

அனீஸ் கோபமாக வந்தார்.

"சேச்சி, பேரன்ட்ஸ் எல்லாரையும் கூப்பிட்டாச்சு. நீங்க ரூம் அலங்காரம் பண்ற ஆள். ட்ரோனப் பத்தி உங்களுக்கு என்ன அறியும்?"

சாவி இருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

"ட்ரோனப் பத்தி ஒண்ணும் தெரியாது. இந்தத் தரையப் பத்தித் தெரியும். இப்பவே ஒண்ணப் பறக்க விடுங்க. பத்து நிமிஷம் உள்ள நின்னுட்டீங்கன்னா சாவியத் தந்துடறேன். நானும் கூட நிக்கறேன்."

வலைக்குள் போனோம். ட்ரோன் முட்டி உயரத்தில் நின்றது. காற்று பலகையில் அடித்தது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, இரண்டு பேருக்கும் கண்ணைத் திறக்க முடியவில்லை. ட்ரோன் போய் வலையில் மாட்டிக்கொண்டது.

குழாயடியில் முகம் கழுவிக்கொண்டே, இது வெளியே தெரிய வேண்டாம் என்றார். பிள்ளைகள் கண்ணில் தூள் விழுந்திருந்தால் ஊருக்கே தெரிந்திருக்கும் என்றேன். விழாவை ஒரு வாரம் தள்ளிவைத்தார். தரை இடுக்கையெல்லாம் அடைத்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தேன்.

ஜெயித்தேன் என்று சொல்ல மாட்டேன். முதல் நாளே இந்தச் சண்டையைப் போட்டிருந்தால் முருகேசனுக்குக் கண் எரிந்திருக்காது. இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளே, கஸ்டமர் முகம் கோணுமே என்று தலையாட்டாதீர்கள். கோணட்டும்.