நாற்பதில் உதறும் வண்டி

உத்திரமேரூர் வளையல்காரர் நசுருதீன் தன் நாற்பத்தொரு வயதுக்குள் ஒரு தம்ளர் டீயையாவது உட்கார்ந்தபடி குடித்து முடித்ததற்குச் சாட்சி கிடையாது. பாதி டீயில் எழுந்துவிடுவார். இப்பேர்ப்பட்டவரிடம் 1998இல் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வந்து சேர்ந்தது. நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால் அதன் ஹேண்டில்பார் குளிர்ஜுரம் கண்டதுபோல உதறும். முப்பத்தைந்தில் உதறாது. ஆனால் நசுருதீன் அகராதியில் முப்பத்தைந்து என்றால் வண்டி நிற்கிறது என்று பொருள்.

அந்த ஆனி மாதம் காவாந்தண்டலத்தில் ஒரு வளைகாப்பு வீட்டில் பெட்டியைத் திறந்தார். கண்ணாடி வளையல் பாதி தூள். சுபகாரியத்தில் உடைந்த வளையலா என்று தெருவே முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மெக்கானிக் இருசப்பன் ஹேண்டிலைத் தாங்கும் கோன்செட்டை மாற்றினார், டயர் மாற்றினார், சக்கரத்தில் கோட்டம் எடுத்தார். உதறல் எதற்கும் மசியவில்லை.

"ரேஸ் வண்டில ஸ்டியரிங் டாம்பர்னு ஒண்ணு கீதாமே. ஹேண்டில ஒதறாம புடிச்சிக்குமாம். மெட்ராஸ்ல வாங்கிக்கினு வரட்டா?" என்று கேட்டார் நசுருதீன்.

"பாய், அது நூத்தம்பதுல போறவனுக்கு. நீ எருமைக்கு வழிவுட்டுக்கினு போறவன். நான் ஓட்டுனா ஒதறல, நீ ஓட்டுனா ஒதறுது. டாம்பர உனுக்குத்தான் மாட்டணும்!"

டீக்கடை இரண்டு கட்சியானது. டாம்பர் அவசியம் என்றவர்களும் அநாவசியம் என்றவர்களும் பெரும்பாலும் சைக்கிளில் வந்தவர்கள்.

இதற்கிடையில் காவாந்தண்டலத்து ஆதிலட்சுமி நசுருதீனின் வளையல் கடைக்கே வந்துவிட்டார்.

"எம் பொண்ணு பூஜாவுக்கு வெள்ளிக்கெழம வளைகாப்பு. பத்தரைக்கு ராகு காலம், அதுக்கு முன்ன வந்துடணும். இந்தவாட்டி ஒண்ணே ஒண்ணு ஒடைஞ்சாலும் எங்க ஊரு பக்கம் வராத பாய். காஞ்சிபுரத்து ஆள வச்சிக்கிறோம்."

வெள்ளிக்கிழமை பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மனைவி வகிதா பின்னால் ஏறினார். வீட்டுப் பூட்டு பூட்டியிருக்கிறதா என்று பார்க்க நசுருதீன் மூன்று முறை இறங்கியதில் மணி பத்தாகிவிட்டது.

முப்பத்தைந்து. முப்பத்தெட்டு. கை பொறுக்கவில்லை. நாற்பது.

ஹேண்டில் உதறியது. இறுக்கிப் பிடித்தார். இறுக்க இறுக்க உதறல் கூடியது. வகிதாவின் மடியில் பெட்டி கலகலவென்று பேச ஆரம்பித்தது. அவருக்கு வண்டியைப் பற்றி எள்ளளவும் தெரியாது. ஆனால் இருபது வருஷமாக, கையில் வளையல் ஏற்றும்போதெல்லாம் புருஷன் ஊர்ப் பெண்களிடம் சொல்கிற ஒரே பாட்டு மனப்பாடம். அதை அப்படியே கத்தினார்:

"கைய லூசா வுடும்மா! வெறப்பா வச்சா ஒடையும்!"

அந்தக் கட்டளைக்கு எந்தக் கையும் பணியாமல் இருந்ததில்லை. நசுருதீனுடைய கையும் பணிந்தது. முழங்கை தொய்ந்தது, விரல்கள் இளகின, ஆக்சிலேட்டர் தானாகத் தணிந்தது. ஹேண்டில் இரண்டு தரம் தலையாட்டிவிட்டு அடங்கிப்போனது.

"இன்னாடி பண்ண நீ?"

"நானா? ரோட்ட பாத்து ஓட்டுங்க."

பத்து இருபதுக்குப் பெட்டியைத் திறந்தார்கள். ஆதிலட்சுமி ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்றில்கூடக் கீறல் இல்லை.

பூஜா பயத்தில் கையை விறைத்துக்கொண்டு நீட்டினாள். நசுருதீன் வழக்கமான வாக்கியத்துக்கு வாயைத் திறந்தார். வகிதா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீயே சொல்லு," என்று முணுமுணுத்துவிட்டு, ஆதிலட்சுமி தந்த டீயுடன் ஓரமாக உட்கார்ந்தார்.

முக்கால் தம்ளர்வரை எழுந்திருக்கவில்லை.