உம்மா குளிப்பாட்டாத மையித்து

எனக்கு இவ்வளவு சுத்தமாகப் பொய் சொல்ல வரும் என்பது ஒன்பது வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் எனக்கே தெரிந்தது.

தென்காசியில் எங்கள் தெருப் பக்கம் ஒரு பெண் இறந்துபோனால், மையித்தைக் குளிப்பாட்டிக் கபன் துணி உடுத்தி அனுப்ப, உம்மாவையும் சேர்த்து ஆறு பெண்கள் இருந்தார்கள். எதுவும் வாங்கமாட்டார்கள், போன வீட்டில் ஒரு வாய் டீகூடக் குடிக்கமாட்டார்கள். அவர்களை வீடு வீடாக ஏறி இறங்கிச் சேர்த்தவர் மேலத்தெரு மாமி. எங்களுக்கு உறவில்லை, உம்மாவின் உயிர்த்தோழி. அதற்கு முன்பெல்லாம் வெளியே நிற்கும் ஆண்கள் "ஆச்சா, ஆச்சா" என்று அவசரப்படுத்துவார்களாம். மாமி வாசலில் வந்து நின்று, "நாங்க முடிச்சுச் சொன்னாத்தான் சந்தூக்கு உள்ள வரணும்" என்பார். மையித்துப் பெட்டியைத் தூக்க வந்தவர்களும் ஜமாத் பெரியவர்களும் தொண்டையைச் செருமிக்கொண்டு வெயிலில் நிற்பார்கள்.

வாப்பா சவூதியில் இருந்தார். வீட்டில் உம்மாவும் நானும்தான். போன் வந்தால் போதும், உம்மா அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். திரும்பி வரும்போது கையில் கற்பூர வாசனை இருக்கும். எனக்கு அது பிடிக்காது. செத்தவர்களுக்கெல்லாம் ஓடுகிறவள், உயிரோடு இருக்கிற எனக்கு ஒருநாள் ஒதுக்கமாட்டேன் என்கிறாளே என்று மவுத்து வீடுகளின்மேல் பொறாமையாக இருந்தது.

ஒருநாள் இருவரும் எங்கள் வீட்டில் கபன் துணி வெட்டிக்கொண்டிருந்தார்கள். மாமி சிரித்துக்கொண்டே, "ஏட்டி, என்னய நீதான் குளிப்பாட்டணும். வேற எவளையும் விட்டுராத" என்றார்.

"சும்மா கெடங்க லாத்தா."

"சரின்னு சொல்லுட்டி."

உம்மா சரி என்றாள்.

அந்த வருஷம் குற்றாலத்தில் சீசன் அமோகமாக இருந்தது. மூன்று ஞாயிறு என்னைக் கூட்டிப்போவதாகச் சொல்லி, மூன்றும் மவுத்தில் போயிற்று. நான்காவது ஞாயிறுக்கு ஆட்டோவே சொல்லி வைத்துவிட்டாள். மாமி அப்போது திருநெல்வேலியில் ஆஸ்பத்திரியில் இருந்தார். தேறிவிட்டார், இரண்டு நாளில் வீட்டுக்கு விட்டுவிடுவார்கள் என்று முந்தின நாள்தான் தகவல் வந்திருந்தது.

உம்மா குளித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார்தான்.

"உம்மாட்ட குடு மக்ளே. ஒரு மவுத்து."

"உம்மா இல்ல. குத்தாலம் போயிட்டா."

"போன வச்சிட்டா போயிட்டாவ? வந்தாச் சொல்லு, நம்ம..."

பேச்சைத் துண்டித்தேன். போனையே அணைத்து, என் தலையணைக்கு அடியில் சொருகினேன். மவுத்தானது யார் என்று கேட்டிருந்தால் உம்மாவிடம் கொடுத்திருப்பேனா என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். கொடுத்திருப்பேன் என்று துணிந்து சொல்ல முடியவில்லை.

வெளியே ஆட்டோக்காரர் ஹாரனை அடித்துக்கொண்டிருந்தார். உம்மா போனைத் தேடிப் பார்த்துவிட்டு, "கெடக்கட்டும் போ" என்று கதவைப் பூட்டினாள்.

ஐந்தருவியில் பெண்கள் பக்கம் கூட்டம் நெரித்தது. உம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நுழைந்தாள். மூச்சு முட்ட முட்டச் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. திரும்பும்போது மங்குஸ்தான் வாங்கி, "இது மாமிக்கு, நீ கை வைக்கப்படாது" என்றாள்.

ஆட்டோ மேலத்தெருவைத் தாண்டும்போது, தொப்பி போட்ட ஆண்கள் கூட்டமாக நடந்து வந்துகொண்டிருந்தார்கள். அடக்கம் முடித்துத் திரும்புகிறவர்கள். மாமி வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள். உம்மா ஆட்டோவை நிறுத்தச் சொல்லவில்லை, ஓடிக்கொண்டிருக்கும்போதே இறங்கப் பார்த்தாள்.

உள்ளே இருந்த பெண்கள் அவளுடைய ஈரத் தலையைப் பார்த்தார்கள். மாமியின் மகள் அழுது வீங்கிய முகத்தோடு எழுந்து வந்தாள்.

"நீங்க குத்தாலம் போயிட்டதா மோதினார்ட்ட புள்ள சொல்லிச்சாமே! எத்தன போன் போட்டோம்! வீட்டுக்கும் ஆள் விட்டோம். சாயந்தரம் அஸர் தொழுக வரைக்கும் உங்களுக்காகத்தான் வச்சிருந்தோம். அதுக்கு மேல ஆம்பளைய கேக்கல."

உம்மா நேராகப் போய், மாமியைக் குளிப்பாட்டிய அறையின் ஈரத் தரையில் உட்கார்ந்துகொண்டாள். நான் மங்குஸ்தான் பையோடு நிலைப்படியில் நின்றேன். மாமியை நினைத்து அல்ல, மாட்டிக்கொள்வேனே என்றுதான் பயந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் உம்மா என் தலையணையைத் தூக்கினாள். போனை எடுத்தாள், கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு சோறு பிசைந்து ஊட்டிவிட்டாள்.

மாமிக்கு ஓதிய மூன்றாம் நாள் பாத்திஹாவில் பெண்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டபோது, "நாந்தான் புள்ளய அப்படிச் சொல்லச் சொல்லி, போன அணைச்சு வச்சேன். ஒருநாளாவது நிம்மதியா இருப்போம்னு" என்றாள். ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இனி மாமி இடத்தில் நீதான் நின்று நடத்த வேண்டும் என்று மற்றவர்கள் சொன்னதற்கு, "எனக்கு அந்த யோக்கியத கெடையாது" என்று எழுந்துவிட்டாள். அதன்பிறகு எந்த மையித்தையும் அவள் தொடவில்லை.

உம்மாவுக்குக்கூடப் பொய் சொல்லத் தெரிகிறதே என்று அன்று ஆச்சரியப்பட்டேன். நல்லவேளை, நாம் தப்பித்தோம் என்றும், இனி எல்லா ஞாயிறும் உம்மா எனக்குத்தான் என்றும் நினைத்து, சந்தோஷமாக வீட்டுக்கு நடந்தேன்.