தட்டிப் பார்த்து வேண்டாம் என்றவர்

“உங்கட இஞ்சினியர் செத்துப்போனாவாம்” என்று குசினிக்குள் நின்றபடியே மகள் மலர் சொன்னாள். நான் கதிரையை விட்டு எழும்பினேன், பிறகு மறுபடி இருந்துவிட்டேன். செத்தது ஜெசிந்தா மிஸ். முதல் நாள் பின்னேரம்கூட கடைத்தெருவில் பார்த்த ஆள். விடியற்காலையில் நெஞ்சு வலி என்றாராம், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை. ‘உங்கட’ என்று மகள் சொன்ன விதத்தில் துக்கம் எதுவும் இல்லை. அந்த மனிசியின் பெயரை அவள் வாயில் எடுத்துப் பல வருடங்கள். அது ஏன் என்று சொல்லாமல் இந்த அஞ்சலியை எழுதினால் மிஸ்ஸே எழும்பி வந்து என்னை ஏசுவார்.

மிஸ்ஸிடம் ஏச்சு வாங்காதவர்கள் இந்த ஊரில் குறைவு. அரசாங்கக் கட்டட வேலைகளைப் பார்த்த பொறியியலாளர் அவர். ஓய்வு பெற்ற பிறகு, ஓர்ஸ் ஹில்லில் தன் வீட்டு விறாந்தையில் ஒரு மேசையைப் போட்டு, வீடு வாங்கப் போகிறவர்களுக்கு அந்த வீட்டைச் சோதித்துச் சொல்லும் வேலையைத் தொடங்கினார். நாங்கள் சிரித்தோம். வாஸ்து பார்க்க ஆளைக் கூப்பிடுவோம், காணி உறுதிப் பத்திரம் பார்க்கச் சட்டத்தரணியிடம் போவோம். கூரை தலையில் விழுமா என்று பார்க்கவும் ஒருவர் வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை. வந்தவர்களும் முற்பணம் கொடுத்து, பால் காய்ச்ச நாளும் குறித்த பிறகுதான் வருவார்கள். “தாலி கட்டி முடிச்சிட்டுச் சாதகம் கொண்டுவாறியளோ?” என்று மிஸ் கத்துவது றோட்டுக்குக் கேட்கும்.

ஒருமுறை வீடு பார்க்கப் போன இடத்தில் ஒரு பெண்ணின் தாய், மாப்பிள்ளை வீட்டாரும் நிற்கிறார்கள், ‘வெடிப்பு’ என்ற சொல்லை மட்டும் வாயில் எடுக்க வேண்டாம், அபசகுனம் என்று மிஸ்ஸைக் கெஞ்சினார். “அப்ப என்னெண்டு சொல்ல? சுவர் சிரிக்குதெண்டு சொல்லட்டோ?” என்றார் மிஸ். அவ்வளவு பேரும் சிரித்தார்கள். வீட்டை வாங்கவும் செய்தார்கள். மிஸ் மட்டும் சிரிக்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு ஒரு வீட்டைக் கொடுத்துத்தான் கலியாணம் செய்து வைப்போம். மலருக்குச் சம்பந்தம் சரிவந்தபோது, பாலையூற்றில் ஒரு மாடிவீட்டை மாப்பிள்ளையின் தாயே வந்து பார்த்துப் பிடித்துவிட்டார். புதிதாகப் பெயின்ற் அடித்துப் பளபளவென்று இருந்தது. துறைமுகத்தில் காலமெல்லாம் உழைத்தது இதற்குத்தானே என்று நானும் பூரித்துப்போனேன். ஒரு மனத்திருப்திக்காக மிஸ்ஸைக் கூப்பிட்டேன்.

மிஸ் கீழறையில் ஏணியை வைத்து ஏறி, தலைக்கு மேலிருந்த கொங்கிறீட் தட்டைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் சத்தம் உள்ளே வெறுமையாக இருப்பதுபோல் மாறியது. இன்னும் கொஞ்சம் தட்ட, பூச்சு கழன்று விழுந்தது. உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதிப்போய் இருந்தது. விழுந்த துண்டைக் கையில் தந்தார். அதற்குள் சிப்பி ஓடுகள்.

“கடல் மணல், அண்ணை. அதின்ர உப்பு கம்பியைத் தின்னுது” என்றார்.

விற்க வந்தவர் மறைக்கவில்லை. “என்ன செய்யிறது மிஸ், சண்டைக்குள்ள ஆத்துமண் கொண்டுவர ஏலாது. கடற்கரையில அள்ளித்தான் கட்டினனாங்கள்” என்றார். மிஸ் அவரை ஒரு வார்த்தை ஏசவில்லை. என் பக்கம் திரும்பினார். “வேண்டாம் அண்ணை. பிள்ளையை இதுக்குக் கீழ படுக்க விடாதேங்கோ.”

“திருப்பிப் பூசினாச் சரிவராதோ?”

“பூசலாம். கம்பி உள்ளுக்க ஊதிக்கொண்டுதான் இருக்கும்.”

நான் வாங்கவில்லை. வேறு வீடு பார்ப்போம், கொஞ்சம் பொறுங்கள் என்று கேட்டேன். “வீடு குடுக்க மனமில்லாமல் ஒரு பொம்பிளையை வைச்சு நாடகம் போடுறியள்” என்றார் மாப்பிள்ளையின் தாய். சம்பந்தம் முறிந்தது. கதை ஊரெல்லாம் பரவியது. அதற்குப் பிறகு வந்த ஒன்றிரண்டு பேச்சுகளும் வாசலோடு நின்றன. மலர் ஒருநாள் அழுதுகொண்டே, “ஒரு சுத்தியலால என்ர வாழ்க்கையை உடைச்சவ” என்றாள். பிறகு அழுவதை விட்டுவிட்டாள். பாலர் பாடசாலைக்குப் படிப்பிக்கப் போய்வருகிறாள். பஸ் அந்த வீட்டைத் தாண்டித்தான் போகும். “வீடு நிக்குது அப்பா” என்பாள் வந்ததும். வேறொன்றும் சொல்ல மாட்டாள். பாவி மகளே, அதைக் கேட்டு நான் செத்துப் பிழைத்திருக்கிறேன்.

பொறுக்க முடியாமல் மிஸ்ஸிடம் போய்ச் சண்டை பிடித்தேன். “எப்ப விழும் எண்டு சொல்லுங்கோ பாப்பம்!”

“தெரியாது அண்ணை. நாளைக்கும் விழலாம், நான் செத்தாப்பிறகும் விழலாம். தெரியாதபடியாத்தான் வேண்டாமெண்டனான்.”

“விழாமலே இருந்தா?”

“நல்லது. என்னைப் பைத்தியமெண்டு சொல்லுங்கோ. நான் கோவிக்க மாட்டன்.”

அந்த வீட்டை ரஞ்சன் என்ற மீன் வியாபாரி வாங்கினார். யாரும் கூப்பிடாமலே மிஸ் அங்கும் போய்ச் சொல்லியிருக்கிறார். தன்னைப் பயமுறுத்தி வீட்டை மலிவாக வாங்க யாரோ அனுப்பிய ஆள் என்று நினைத்து ரஞ்சன் கேற்றைப் பூட்டிவிட்டார். அடுத்த மாரிக்கும் மிஸ் போனார். அப்போதும் பூட்டுத்தான்.

செத்தவீட்டுக்கு மலரும் வந்தாள், என்னைத் தனியே விட ஏலாதென்று. வாசல் கதிரையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தாள். சேமக்காலைக்குக் கொண்டுபோக ஆயத்தமாகும் நேரம், ரஞ்சன் சாரத்தோடு ஓடிவந்து பெட்டியைக் கண்டு அப்படியே நின்றார். துக்கத்துக்கு வந்தவரின் முகம் இல்லை அது.

“மிஸ்ஸைக் கூட்டிக்கொண்டு போக வந்தனான்” என்றார் என்னிடம். “நேற்று மழைக்க தட்டு விழுந்திட்டுது. பிள்ளையின்ர கட்டிலில.”

மலர்தான் கேட்டாள். “பிள்ளை?”

“உயிர் இருக்கு. கால் ரெண்டும் நசிஞ்சுபோச்சு. ஒண்டை எடுக்க வேணுமெண்டு சொல்லினம்.” தலையில் அடித்துக்கொண்டார். “வாசலில வந்து நிண்டு சொன்னவ, தங்கச்சி. ரெண்டுதரம் வந்தவ. நான் நாய் மாதிரிக் கலைச்சனான்.” பிறகு பெட்டியைப் பார்த்துக்கொண்டே, “மற்ற ரெண்டு பிள்ளையளும் வீட்டில. பக்கத்து அறையிலயெண்டாலும் படுக்கலாமோ எண்டு கேக்க வந்தனான். இனி ஆரைக் கேக்க?” என்றார்.

மலர் எழும்பினாள். “ஒரு அறையிலயும் வேண்டாம் அண்ணா. பிள்ளையளை இப்பவே வெளிய எடுங்கோ. எங்கட வீட்டில இடமிருக்கு” என்றாள். பிறகு பெட்டியடிக்குப் போய் மிஸ்ஸின் காலைத் தொட்டாள். குனிந்தவள் நிமிர நெடுநேரம் ஆயிற்று.

ரஞ்சனின் இரண்டு பிள்ளைகளும் இப்போது எங்கள் முன்னறையில் படுக்கிறார்கள். அந்த மாடிவீடு வெறுமையாகக் கிடக்கிறது.

மிஸ் உங்களுக்கு என்னத்தை விட்டுப் போனார் என்று தெரிந்தவர்கள் கேட்கிறார்கள். கலியாணமாகாத, வெடுக்கென்று பேசுகிற, இரண்டு காலாலும் நடந்து வேலைக்குப் போய்வருகிற என் மகளை விட்டுப் போயிருக்கிறார். அவள் படலையைத் திறந்துகொண்டு வரும்போது என் நெஞ்சு சந்தோசத்தால் நிறைகிறது. அந்தக் கட்டிலில் படுத்தது இன்னொருவர் பிள்ளை என்று உடனே ஞாபகம் வருகிறது.