தண்ணி இன்ஸ்பெக்டர்

ஒன்பது வயதில் எனக்கு ஒரு பதவி இருந்தது. சம்பளம் கிடையாது, சீருடை கிடையாது. ஆனால் அதிகாரம் உண்டு. முதலியார்பேட்டையில் நாங்கள் வாடகைக்கு இருந்த மாடி வீட்டின் தண்ணி இன்ஸ்பெக்டர் நான். நியமித்தவர் அப்பா.

அப்பாவுக்குத் தண்ணீர் விஷயத்தில் விளையாட்டே ஆகாது. அவர் பிறந்த ஊரில் போர்வெல்கள் ஒவ்வொன்றாக உப்பேறிப் போனதைப் பார்த்தவர். அலுவலகத்தில் ஃபைலோடு ஃபைலாக உட்கார்ந்திருக்கும் மனுஷன், வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியதும் வாத்தியாராகிவிடுவார். பல் தேய்க்கும்போது குழாய் மூடியிருக்க வேண்டும். அரிசி கழுவிய தண்ணீர் கறிவேப்பிலைத் தொட்டிக்கு. குடிதண்ணீர் மெஷின் கழித்துத் தள்ளுவதை வாளியில் பிடித்து வீடு துடைக்க. குழாயை முழுக்கத் திறந்தால் ஒரு வாளி நிறைய எவ்வளவு நேரம் என்று கைக்கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கொடுத்துச் செய்தே காட்டினார். இரண்டு நிமிஷம். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் மூன்று பேர் பெயரையும் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினோம். வீணாக்கினால் சிவப்புப் புள்ளி, மிச்சம் பிடித்தால் பச்சை நட்சத்திரம். முகம் மழிக்கும்போது குழாயை மூட மறந்த அப்பாவுக்கே ஒருமுறை சிவப்பு வைத்திருக்கிறேன். “இன்ஸ்பெக்டரம்மா ரொம்ப கறாரு” என்று அம்மாவிடம் பெருமையடித்துக்கொண்டார்.

அந்த வருஷம்தான் தம்பி பிறந்தான். ஒன்பது நாள் இருந்தான். ஆஸ்பத்திரிக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒயர்களுக்கு நடுவே, என் உள்ளங்கை அளவுக்கு ஒரு முகம். நான் பார்த்தது அவ்வளவுதான். பத்தாம் நாள் அம்மா வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தாள். தூளி கட்ட எடுத்து வைத்திருந்த புடவையில் நான் ஊஞ்சல் ஆடலாமா என்று கேட்டேன். ஆடு என்றாள்.

அவ்வளவு சின்னக் குழந்தைக்கு எங்களில் சடங்கு கிடையாது. பந்தல் இல்லை, பதினாறாம் நாள் இல்லை, கட்டிப்பிடித்து அழ வரும் பெண்கள் இல்லை. அப்பாவும் மாமாவும் போய்ப் புதைத்துவிட்டு வந்து தலை முழுகினார்கள், அதோடு முடிந்தது. அழுவதற்கென்று ஒரு நாளைக்கூட யாரும் அம்மாவுக்கு ஒதுக்கவில்லை. லாஸ்பேட்டைப் பெரியம்மா ஒரு வாரம் வந்திருந்து சோறாக்கிப் போட்டாள். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, “தோ பாருடி, இருக்கற புள்ள மொகத்தப் பாத்து மனச தேத்திக்கோ. அது எதிர்ல அழுவாத, பயந்துடும்” என்றாள். அம்மா தலையாட்டினாள். எனக்கென்ன பயம் என்று நான் வாயெடுப்பதற்குள் பெரியம்மா படியிறங்கிவிட்டாள்.

மறுநாளிலிருந்து அம்மா குளியலறையில் நெடுநேரம் இருக்கத் தொடங்கினாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து, பால் குடித்து, நோட்டை விரித்து உட்கார்ந்ததும் போவாள். தாழ்ப்பாள் விழும். குழாய் முழுக்கத் திறக்கும். கால் மணி நேரம் ஓடும். இதைப் படிக்கிற யாருக்கும் அந்தக் குழாய் எதற்காக ஓடியது என்று இதற்குள் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்து ஏழு வாளி, எட்டு வாளி என்று குறித்துக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டி, “தண்ணி வீணாவுதும்மா!” என்று கத்துவேன். “தோ வந்துட்டேன்” என்று குரல் வரும். தண்ணீர் நிற்காது.

அப்பாவிடம் புகார் கொடுத்தேன். சுவரில் அம்மா பெயருக்கு எதிரே வரிசையாக நின்ற சிவப்புப் புள்ளிகளைப் பார்த்தார். “அம்மாவ உடும்மா” என்றார்.

“எனக்கு ஒரு ரூலு, அம்மாவுக்கு ஒரு ரூலாப்பா?”

அவர் சட்டையை ஆணியில் மாட்டப் போய்விட்டார். மேலதிகாரியே தளர்ந்துவிட்டால் என்ன செய்வது? ஒரு சனிக்கிழமை, அம்மா உள்ளே போய்க் குழாயைத் திறந்ததும், நான் மொட்டைமாடிக்கு ஓடினேன். தொட்டியடியில் இருந்த வால்வை இரண்டு கையாலும் திருகி மூடினேன்.

கீழே வருவதற்குள் தண்ணீர் சத்தம் அடங்கியிருந்தது. கதவுக்குப் பின்னாலிருந்து விக்கல் மாதிரி ஒன்று தனியாக வெளியே வந்தது. அதுவும் பாதியில் நின்றது. சளி பிடித்திருக்கிறது போல என்று நினைத்தேன். அம்மா வெளியே வந்தாள்.

“மேல போயி மூடினியாடி?”

“ஆமா. இன்னிக்கும் உட்டிருந்தா எட்டு வாளிம்மா!”

“சரிடி. இனிமே தொறக்க மாட்டேன்.” என் தலையைத் தடவினாள். கை காய்ந்திருந்தது. அதைக்கூடக் கவனித்தேன், அத்தனை நாள் அவ்வளவு தண்ணீரைத் திறந்துவிட்டவள் அதில் கையைக்கூட நனைக்கவில்லை என்பது மட்டும் என் கணக்கில் வரவில்லை.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அந்த வாரம் முழுக்க அம்மாவுக்குப் பச்சை நட்சத்திரம்தான். அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு மேலே எதையும் ஏற்றாமல் நிற்பாள். எனக்குப் பின்னிய ஜடையைப் பிரித்து மறுபடி பின்னுவாள். சோற்றைப் பிசைந்தபடியே இருப்பாள், வாய்க்குக் கொண்டுபோக மாட்டாள். அப்பா ஒருநாள் சாப்பிடும்போது, சுவரைப் பார்த்துவிட்டு, “அம்மா இப்பல்லாம் குழாயத் தொறக்கறதில்லயா?” என்று என்னிடம் கேட்டார். வால்வு விவகாரத்தை நடித்தே காட்டினேன். அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவர் அம்மாவைத் தோளைப் பிடித்துக் குளியலறைக்குக் கூட்டிப்போனார். “வேணாங்க, புள்ள இருக்குது” என்றாள் அம்மா.

“அத நான் பாத்துக்கறேன். நீ போ.”

கதவை அவரே சாத்தினார். பிறகு வெளியே, துணி துவைக்கிற இடத்துக் குழாயை முழுக்கத் திறந்தார். அடியில் வாளி இல்லை. தண்ணீர் சிமெண்டுத் தரையில் அறைந்து, தெறித்து, நேரே சாக்கடைக்குள் போனது. எனக்கு எல்லாம் கற்றுக்கொடுத்தவர், என் கண்ணெதிரிலேயே! ஓடிப்போய் மூடினேன். என் கையை மெல்ல எடுத்துவிட்டு மறுபடி திறந்தார்.

“அப்பா, எவ்ளோ நேரம்பா உடப்போறீங்க?”

“தெரியலம்மா.”

குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார். குளியலறைப் பக்கம் திரும்பவே இல்லை. எனக்குத் தண்ணீர் சத்தத்தைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. ஆத்திரம் தாங்காமல் அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்து, காலை உதைத்து, கீழ்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்கு வாய்விட்டு அழுதேன். சாக்கடைக்குப் போகும் தண்ணீருக்காக அழுதேன். அந்த வீட்டில் குழாயைத் திறக்காமலே அழ முடிந்தவள் நான் ஒருத்திதான் என்பது எனக்குத் தெரியவில்லை.