ஏலத்தில் வாசித்த கடிதம்

மாமா மௌத்தாகி இரண்டு வருஷமாகிறது. ஜனாஸா தொழுகைக்குப் பள்ளிவாசலில் இடம் போதவில்லை என்றார்கள். எவ்வளவு நல்ல மனுஷன் என்று வந்தவர்களெல்லாம் என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். இறந்தவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றும் இல்லையென்றால் வாயை மூடிக்கொள் என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு வருஷம் மூடிக்கொண்டிருந்தது போதும்.

மாமா என் அம்மாவின் தம்பி. காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னால் பழைய சாமான் வியாபாரம். பித்தளைத் தாம்பாளம், சாவி கொடுக்கும் கடிகாரம், ராஜா தலை போட்ட காசு என்று கிடைத்ததை மலிவாக வாங்கி, சேகரிப்பவர்களிடம் விற்பார். பாலக்கரையில் எங்கள் வீட்டுக்கு வந்தால் வாய் ஸலாம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண் பரண்வரை போய்த் திரும்பியிருக்கும்.

எனக்கு அப்போது பதினொரு வயது. ஸ்டாம்ப் சேர்க்கிற பைத்தியம் பிடித்திருந்தது. அது மாமாவுக்குத் தெரியும்.

அம்மாவின் பீரோவில், நிக்காஹ் சேலைக்கு அடியில், ஐந்து கடிதங்கள் இருந்தன. நான் பிறப்பதற்கு முன் அத்தா குவைத்தில் டிரைவராக இருந்தார். அங்கே சண்டை வந்து, லாரியில் ஏறிப் பாலைவனத்தைக் கடந்து, ஜோர்டானில் ஒரு கூடாரத்தில் கிடந்த நாட்களில் எழுதியவை அவை. அம்மா எப்போதாவது அவற்றை எடுத்துப் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். என்னைப் படிக்க விட்டதில்லை.

"ஸ்டாம்பை மட்டும் தண்ணியில ஊறவெச்சு எடுத்துக்கலாம். லெட்டரை அப்படியே திருப்பி வெச்சிடலாம். ஒனக்குப் பெரிய ஆல்பமா வாங்கித் தரேன்" என்றார் மாமா. அம்மா மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நான் எடுத்துக் கொடுத்தேன். யாரும் என் கையைப் பிடித்து எடுக்க வைக்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை, ஆல்பம் வாங்கலாம் என்று என்னை பஸ்ஸில் ஸ்ரீரங்கத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே அம்மா மண்டபம் என்ற படித்துறைக்குப் போகும் சாலையில் ஒரு கல்யாண மண்டபம். மேஜை மேஜையாக நாணயங்கள், பழைய கேமராக்கள், தீப்பெட்டி லேபிள்கள். மத்தியானம் ஏலம் என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். மாமா என்னைக் கடைசி வரிசையில் உட்கார வைத்துவிட்டு, தான் முன்னால் போய் யாரோ மாதிரி உட்கார்ந்துகொண்டார். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

கண்ணாடி போட்ட ஒருவர் மைக்கில் ஏலம் விட்டார். ஒரு கடிகாரம் போயிற்று, ஒரு வெற்றிலைப் பெட்டி போயிற்று. அடுத்து அவர் தூக்கிக் காட்டியது அத்தாவின் கடிதங்களை.

"போர்க்காலத்துல அகதி முகாம்லேர்ந்து வந்த கவர் அஞ்சு. வெறும் கவர் இல்லீங்க, உள்ள லெட்டரும் இருக்கு."

"கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க சார். அப்பத்தானே மதிப்பு தெரியும்" என்று ஒரு குரல் கேட்டது. மாமாவின் குரல்.

ஏலம் விட்டவர் படித்தார். முதலில் அம்மாவின் பெயர் மைக்கில் வந்தது. தெருவில் யாரும் சொல்லிக் கேட்காத பெயர், அந்த மண்டபத்தில் நூறு ஆண்களுக்கு நடுவில். பிறகு அத்தா எழுதியிருந்தது:

"தண்ணிக்கு வரிசையில நிக்கும்போது ஒன் பேரைச் சொல்லிப் பாத்துக்குறேன். பின்னாடி நின்னவன் என்னன்னு கேட்டான். துஆ ஓதுறேன்னு சொல்லிட்டேன். ராத்திரி ஒன் கழுத்துக்குக் கீழ இருக்குற மச்சத்தை நெனச்சுக்கிட்டுத்தான் கண்ணை மூடுறேன்."

மண்டபம் சிரித்தது. "மச்சத்துக்கு ஐநூறு கூட்டிக்குங்க" என்றார் ஒருவர். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பார்த்தேன்.

எப்படி மேடைக்குப் போனேன் என்று தெரியாது. அந்தத் தாளைப் பிடித்து இழுத்தேன். அது குறுக்கே கிழிந்து, பாதி ஏலக்காரர் கையிலும் பாதி என் கையிலுமாக நின்றது.

"யாரும்மா நீ? யாரு வீட்டுப் பொண்ணு?"

"இது எங்க அத்தா எங்க அம்மாவுக்கு எழுதுனது. அந்தா உக்காந்திருக்காரே, அவருதான் எங்க மாமா" என்றேன். மைக்கில் எல்லாம் கேட்டது.

சிரிப்பு நின்றுபோயிற்று. இனி விற்கமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பெரியவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்களே. அப்போது ஒருவர், "கிழிஞ்சதை விடுங்க சார், மத்த நாலுக்கும் ரேட்டைச் சொல்லுங்க" என்றார். ஏலம் தொடர்ந்தது. நாலும் போயின. மாமா என் கையைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்து, கேட்டருகே ஓர் அறை விட்டார். மானத்தை வாங்கிவிட்டேனாம்.

வீட்டுக்கு வந்து பாதித் தாளை அம்மாவிடம் கொடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள், "எதுவரைக்கும் படிச்சாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"மச்சம் வரைக்கும்."

தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்படித் தரையில் உட்கார்ந்தாள்.

பின்னாலேயே மாமா அடுப்படிக்கு வந்தார். "யாருடா வாங்குனது?" என்றாள் அம்மா. "வெளியூர்க்காரரு. பேரெல்லாம் யாரு கேட்டா?" என்றார். கொஞ்சம்கூடக் குரல் தணியவில்லை. "மச்சான் அல்லா புண்ணியத்துல முழுசா வந்து சேந்து முன்னறையில உக்காந்திருக்காரு. காகிதம் போனா என்னக்கா?"

"மெதுவாப் பேசு. அவருக்குக் கேக்கும்" என்றாள் அம்மா. அவ்வளவுதான் அவள் சொன்னது. பிறகு எழுந்து அத்தாவுக்கும், அவனுக்கும் டீ போட்டாள். ஆமாம், அவனுக்கும். அந்த டீக்காக அம்மாவின்மேல் எனக்கு வந்த கோபம் பல வருஷம் போகவில்லை.

அத்தாவுக்குக் கடைசிவரை விஷயம் தெரியாது. பாலைவனத்திலிருந்து திரும்பிய அத்தா, கடையில் ரெக்சின் பை தைப்பார், வீட்டுக்கு வந்து செய்தி கேட்பார், தூங்குவார். சாப்பாடு ஆச்சா, கதவு சாத்தியாச்சா என்பதைத் தாண்டி அவர் அம்மாவிடம் பேசி நான் கேட்டதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. அவர் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். அவர் எப்போதும் அப்படித்தான் இருந்தாரா என்று கேட்கத் தோன்றும் வயதல்ல அது.

மாமா போனபின் அம்மா அடுப்படியில் பாதித் தாளை மடியில் விரித்து வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். நான் வாசற்படியில் நின்று பார்த்தேன். அதை எழுதியவர் பக்கத்து அறையில் டீ குடித்துக்கொண்டிருக்கிறார், கேட்டால் இன்னொன்று எழுதித் தரமாட்டாரா, இதற்குப் போய் ஏன் இப்படி அழுகிறாள் என்று எனக்குத் தோன்றியது. கன்னம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. இருந்தும், காகிதம் போனால் என்ன என்று மாமா கேட்டாரே, அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் சொன்னதுதான் சரி என்று அன்றைக்கு நினைத்தேன்.